நகோயாவை நம்பும் நாம் நாவுலயை நம்ப மறுப்பதேன்?

ஜப்பானின் நகோயா நகரில் ஏலத்திற்கு வரும் ஒரு காரை நேரில் காணாமலே, ஓட்டிப் பார்க்காமலே, ஏலத்தாள் எனப்படும் ஒற்றைக் காகிதத்தை மாத்திரம் நம்பிப் பல இலட்சம் ரூபாவைக் கட்டி இறக்குவதற்கு எமது வாகன வியாபாரிகள் தயங்குவதில்லை. ஆனால் அதே வியாபாரி மாத்தளையிலிருந்து நாவுலக்குப் போய் ஒரு பழைய வேனை வாங்குவதென்றால், தனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் தரகர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, ஒரு நாள் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு போகின்றார். போய்ப் பார்த்த பின்னரும் பாதி மனதுடனேயே திரும்பி வருகின்றார். கடல் கடந்த ஊரில் நிற்கும் வாகனத்தை நம்பும் நாம், ஒரே மாவட்டத்தில் நிற்கும் வாகனத்தை நம்ப மறுப்பது ஏன்?

இக்கேள்விக்கு விடை தேடாமல், "பழைய வாகனங்களுக்கு இணையத்தில் ஒரு ஏலத்தளம் போடுவோம்" என்று இளைஞர் சிலர் கிளம்புவதை இப்போது பரவலாகக் காண முடிகின்றது. நல்ல முயற்சிதான். ஆனால் ஏலத்தளம் என்பது கணினியில் ஆரம்பிக்கும் வேலையன்று. அது வாடிக்கையாளரிடமிருந்து ஆரம்பிக்கும் வேலை. அதனை யாருக்காகக் கட்டுகின்றோமோ அவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொண்டே கட்ட வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

இன்று இது முக்கியமாவதற்குக் காரணமுண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்படும் வரை, ஏறத்தாழ ஐந்து வருடங்களாக நாட்டிலிருந்த வாகனங்களே கை மாறிக் கை மாறி ஓடின. கதவு திறந்த பின்னரும் வரிச்சுமையின் காரணமாகப் புதிதாக இறங்கும் வாகனம் சாதாரண வியாபாரியின் கைக்கு எட்டுவதாயில்லை. ஆகவே மாத்தளையில் கடை வைத்திருப்பவரும், தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுபவரும், கலேவெலயில் முச்சக்கர வண்டி ஓட்டுபவரும் இன்னும் நீண்ட காலத்திற்குப் பழைய வாகனச் சந்தையையே நம்பியிருக்க வேண்டும். அந்தச் சந்தையில் நம்பிக்கை இல்லையென்றால் அதன் நட்டத்தை வாங்குபவர், விற்பவர் இருவருமே சுமக்கின்றனர்.

நல்ல வாகனம் ஏன் சந்தைக்கு வருவதில்லை?

1970ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஏகர்லொஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்ச் சந்தையைப் பற்றிச் சில பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று சஞ்சிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. அதற்காகவே 2001ஆம் ஆண்டில் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. அவர் சொன்னது எமது தரகர்மாருக்குத் தெரியாத விடயமன்று. வாகனத்தின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லா வாகனத்திலும் ஏதோ குறையிருக்கும் என்று எண்ணி, விலையைக் குறைத்தே கேட்கின்றார். உண்மையிலேயே நல்ல வாகனம் வைத்திருப்பவர், "இந்த விலைக்குக் கொடுப்பதை விட வீட்டிலேயே நிற்கட்டும்" என்று விலகிக்கொள்கின்றார். மிஞ்சுவது குறையுள்ள வாகனங்களே. அதனால் விலை மேலும் இறங்குகின்றது. இறுதியில் சந்தையே பழுதாகிப் போகின்றது.

இக்மன், ரியசெவன போன்ற இணையத்தளங்கள் வந்த பின்னர் எந்த ஊரில் எந்த வாகனம் விற்பனைக்கு நிற்கின்றது என்பதை அறிவது இலகுவாகிவிட்டது. அது பெரிய உதவிதான். ஆனால் விளம்பரம் வாகனம் எங்கே நிற்கின்றது என்பதைச் சொல்லுமே தவிர, அதன் உள்நிலையைச் சொல்வதில்லை. "ஒரே கை, விபத்தில்லை, குடும்பப் பாவனை" என்ற வசனம் எல்லா விளம்பரத்திலும் இருக்கும்போது அதற்கு எந்தப் பெறுமதியுமில்லை. ஏகர்லொஃப் சொன்ன நோய்க்கு விளம்பரம் மருந்தாகாது.

ஒரு கார் வியாபாரி செய்த காரியம்

மருந்து கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர்கள். மசடாகா ஃபுஜிசாகி என்பவர் ஒரு பழைய கார் வியாபாரி. வாரந்தோறும் கார்களை ஏல முற்றத்திற்குக் கொண்டு போவதும், விலைப்படாவிட்டால் திருப்பிக் கொண்டு வருவதுமாக வியாபாரிகள் படும் சிரமத்தை அனுபவத்தில் அறிந்தவர். 1985ஆம் ஆண்டில் அவர் 'ஓக்நெட்' என்ற ஏலத்தை ஆரம்பித்தார். அப்போது இணையம் எமது கைக்கு வந்திருக்கவில்லை. கார்களின் படங்களும் விபரங்களும் லேசர் தட்டில் பதிந்து வியாபாரிகளுக்கு அனுப்பப்பட்டன. ஏலம் கணினி வழியாக நடந்தது. பின்னர் செய்மதி வழியாகப் படங்கள் போயின. விற்கும் வரை கார் விற்பவரின் இடத்திலேயே நின்றது.

இதன் உயிர்நாடி லேசர் தட்டிலோ செய்மதியிலோ இருக்கவில்லை. ஒவ்வொரு காரையும் ஓக்நெட்டின் பரிசோதகர் நேரில் போய்ப் பார்த்து ஒரே அளவுகோலில் புள்ளியிட்டார் என்பதிலேயே இருந்தது. கீறல் எங்கே, நெளிவு எங்கே, எந்தக் கதவு மாற்றப்பட்டது, உடற்சட்டம் திருத்தப்பட்டதா என்பதெல்லாம் தாளில் வந்தன. இன்று எமது இறக்குமதியாளர்கள் 4.5 என்றும் 4 என்றும் 'ஆர்' என்றும் வாய்ப்பாடமாகச் சொல்லும் ஏலத்தாள்களும் இதே ஒழுங்கைச் சேர்ந்தவையே.

1998ஆம் ஆண்டில் ஹோ குன் லீ என்ற ஆய்வாளர் இந்த ஏலத்தின் விலைகளைச் சாதாரண முற்ற ஏலத்தின் விலைகளுடன் ஒப்பிட்டார். இலத்திரனியல் சந்தை வந்தால் விலை குறையும் என்பதே அன்று பலரின் எண்ணம். அவர் கண்டது நேர்மாறானது. ஓக்நெட்டில் விலை கூடுதலாக இருந்தது. பரிசோதனைக்கு உட்படத் துணிந்த நல்ல கார்கள் அங்கே சேர்ந்தன. வாங்குபவர்களும் பல ஊர்களிலிருந்து போட்டியிட்டனர். விற்பவருக்கு நல்ல விலை கிடைத்தது. வாங்குபவர் கொடுத்த காசுக்கு அவர் அறிந்த பொருள் கிடைத்தது. நல்ல வாகனத்தைச் சந்தைக்குத் திருப்பிக் கொண்டு வரும் வழி இதுதான்.

தேயிலையும் மிளகும் சொல்லும் பாடம்

ஜப்பான் தூரம் என்று நினைப்பவர்கள் கொழும்பைப் பார்க்கலாம். 1883ஆம் ஆண்டு முதல் கூவிக் கேட்டு நடந்து வந்த கொழும்புத் தேயிலை ஏலம், 2020 ஏப்ரலில் கொவிட் ஊரடங்கின் மத்தியில் கணினித் திரைக்கு மாறியது. தரகர் நிறுவனங்களும் கொள்வனவாளரும் தேயிலை வர்த்தகர் சங்கமும் ஒன்றாக இருந்து செய்த மாற்றம் அது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வேர் விட்டிருந்த வழக்கம் அவ்வளவு விரைவாகத் திரைக்கு வர முடிந்தது எப்படி? ஏலத்திற்கு முன்னரே மாதிரி அனுப்புவது, சுவை பார்ப்பது, தரகர் மதிப்பிடுவது, பட்டியல் வெளியிடுவது என்ற ஒழுங்குகள் அங்கே ஏற்கனவே நிலைபெற்றிருந்தன. மாற்ற வேண்டியிருந்தது கூவும் இடம் மாத்திரமே.

மாத்தளைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மிளகு. நம்மூர் மிளகு வியாபாரி கொழும்பிலுள்ள ஏற்றுமதியாளருடன் தொலைபேசியிலேயே விலை பேசி முடிக்கின்றார். ஒரு லீற்றர் மிளகு எத்தனை கிராம் நிறுக்கும், ஈரப்பதன் எத்தனை வீதம் என்ற இரண்டு எண்கள் போதும். கண்ணால் காணாத சாக்குகள் அந்த இரண்டு எண்களின் மேல் விலைப்படுகின்றன. ஏனெனில் இரு பக்கமும் ஒரே அளவுகோலை ஏற்றுக்கொண்டுள்ளது. பழைய வாகனத்திற்கு எமது மாவட்டத்தில் இல்லாதது அந்த அளவுகோல்தான். நகோயாவை நம்புவதற்கும் நாவுலயை நம்பாதிருப்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரு தாள்.

இதற்கு மறுபக்க உதாரணமும் உண்டு. ஒல்லாந்தின் ஆல்ஸ்மீர் பூ ஏலத்தில் சாடிச் செடிகளை நேரில் காட்டாமல் திரையில் படமாகக் காட்டி விற்கும் முறையொன்று கொண்டுவரப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. ஏலத்தை நடத்துபவருக்கு அதில் வசதியிருந்தது. ஆனால் வாங்குபவருக்குத் தமக்கென்று பெரிய நன்மை எதுவும் தெரியவில்லை. ஒரு தரப்பினரின் வசதிக்காகக் கட்டப்படும் சந்தை மற்றத் தரப்பினரைப் பிடித்து வைத்திருக்காது.

மாத்தளையில் யார் வாடிக்கையாளர்?

ஆகவே தளம் கட்டுபவர் முதலில் தமது வாடிக்கையாளர் யார் யார் என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். எமது மாவட்டத்தில் குறைந்தது நான்கு தரப்பினர் உள்ளனர்.

முதலாமவர் தமது சொந்த வாகனத்தை விற்பவர். அவருக்குப் பயம் விலையைப் பற்றியது மாத்திரமன்று. திறந்த பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, உரிமை மாற்றப்படாத வாகனம் எங்கோ விபத்தில் சிக்கினால் பொலிஸார் தம் வீட்டுக் கதவைத் தட்டுவார்களே என்பதும் அவரது பயம்.

இரண்டாமவர் வாகன விற்பனை நிலையம் வைத்திருப்பவர். முற்றத்தில் நிற்கும் ஒவ்வொரு வாகனமும் அவரது முடங்கிய முதல். அது எத்தனை நாளில் திரும்புகின்றது என்பதே அவரது கணக்கு.

மூன்றாமவர் லீசிங் நிறுவனம். தவணை கட்ட முடியாமற் போனவர்களிடமிருந்து மீட்கப்படும் வாகனங்களை விற்பது அதன் வேலை. இங்கே ஒரு முக்கியமான விடயத்தை எமது வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவ்வாறு விற்கப்படும் வாகனம் குறைந்த விலைக்குப் போனால், மிகுதிக் கடன் வாகனத்தை இழந்தவரின் தலையிலேயே விழுகின்றது. உதாரணத்திற்கு, 12 இலட்சம் ரூபா கடன் மிகுதியிருக்கும் ஒரு சிறு லொறி 9 இலட்சத்திற்கு விற்கப்பட்டால், வண்டியையும் இழந்து 3 இலட்சம் கடனையும் அவர் சுமக்க வேண்டும். அதே லொறி பலர் போட்டியிட்டு 12 இலட்சத்திற்குப் போயிருந்தால் அவர் சுத்தமாக எழுந்து நின்றிருப்பார். நாலு பேர் மாத்திரம் அறிந்த ஏலத்திற்கும் நாடறிந்த ஏலத்திற்கும் இடையில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே தங்கியிருக்கலாம்.

நான்காமவர் வாங்குபவர். 1999ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்திற்கு இரவு பகலாக ஓடும் வாகனங்களைப் பாருங்கள். டிமோ பட்டாவும், கென்டர் லொறியும், முச்சக்கர வண்டியுமே அங்கே முதலீடு. அவற்றை வாங்குபவருக்குக் காரின் பளபளப்பு தேவையில்லை. எஞ்சின் எப்படி, செஸியில் வெல்டிங் இருக்கின்றதா, பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுமா என்பதே அவரது கேள்வி. ஜப்பான் ஏலத்தாளை அப்படியே மொழிபெயர்த்தால் இக்கேள்விகளுக்கு அதில் விடையிராது. எமது தாளை எமது வாடிக்கையாளரின் கேள்விகளிலிருந்தே எழுத வேண்டும். மாவட்டத்தின் ஏலத்தளம் கார்களை விட்டு இந்தச் சிறு வர்த்தக வாகனங்களிலிருந்து ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம் என்பது எனது அபிப்பிராயம். இவற்றின் வகைகள் சில, வாங்குபவரும் பலர், தேவையும் நிரந்தரமானது.

எப்படிக் கட்டுவது?

மென்பொருளை முதலில் எழுதிவிட்டு ஆட்களைத் தேடுவது கூரையை முதலில் போடுவது போன்றது. முதலில் பத்து வாகனங்களை எடுங்கள். மாத்தளை, உக்குவளை, கலேவெல ஆகிய இடங்களிலுள்ள அனுபவமுள்ள மெக்கானிக்மார் மூவரை, ஒருவர் பார்த்ததை மற்றவர் அறியாதவாறு, ஒரே தாளில் புள்ளியிடச் செய்யுங்கள். மூவரின் புள்ளிகளும் பெருமளவு ஒத்து வந்தால் தாள் சரி. ஒத்து வராவிட்டால் தாளில் எந்தக் கேள்வி தெளிவில்லை என்பதைப் பார்த்துத் திருத்துங்கள். பின்னர் அந்தத் தாளையும் படங்களையும் வட்ஸ்அப்பில் முப்பது வியாபாரிகளுக்கு அனுப்பி, ஒரு சிறு ஏலத்தை நடத்துங்கள். இதற்குப் பெரும் செலவில்லை.

ஏலம் முடிந்ததும் வென்றவரிடம் மாத்திரம் பேசாதீர்கள். கேள்வி கேட்காமல் ஒதுங்கி நின்றவரிடம் போய், ஏன் கேட்கவில்லை என்று விசாரியுங்கள். "டயர் எத்தனை வீதம் என்று இல்லை", "லீசிங் முடிந்ததா என்று தெரியவில்லை", "நான் தொழுகைக்குப் போன நேரத்தில் ஏலம் முடிந்துவிட்டது" என்பன போன்ற விடைகளே அடுத்த முறை தளத்தில் சேர்க்க வேண்டியவற்றின் பட்டியல். இவ்வாறு நாலைந்து சுற்றுகள் போன பின்னர் மென்பொருள் எழுதுபவரிடம் கொடுத்தால், அவருக்கு எதை எழுதுவது என்பது தெரிந்திருக்கும்.

வாடிக்கையாளருடன் சேர்ந்து கட்டுவதென்றால் அவர் கேட்பதையெல்லாம் செய்து கொடுப்பதென்று பொருளில்லை. விற்பவர், "எனது ஆள் ஒருவரும் விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்கட்டும்" என்பார். விற்பனை நிலையக்காரர், "மைலேஜ் பகுதியை விட்டுவிடுவோம்" என்பார். வாங்குபவர், "வென்ற பிறகு பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போக வழி வையுங்கள்" என்பார். இவற்றை நிறுத்துப் பார்ப்பதற்கு ஒரு படிக்கல் வேண்டும். ஒருவர் கேட்கும் வசதி மற்றவரிடமிருந்து எதையாவது மறைப்பதற்காக இருக்குமானால் அதனை மறுத்துவிட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பேசித் தீர்க்கலாம்.

வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றுவதற்காகவே கேள்வி கேட்பதை 'நஜ்ஷ்' என்று மார்க்கம் தடுத்திருப்பதையும், குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதையும் நாமறிவோம். இன்றைய கணினி ஏலங்கள் பெரும் செலவில் தேடும் ஒழுங்குகள் இவையேயாகும். அவற்றைத் தளத்தின் விதிகளாக எழுதி வைத்தால் எந்த மதத்து வாடிக்கையாளரும் அதனை வரவேற்பார்.

சில விதிகளைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுவது நல்லது. கேள்வி கேட்பவர் ஒரு வைப்புப் பணம் கட்ட வேண்டும்; வென்று விலகினால் அது போய்விடும். கடைசி நிமிடத்தில் கேள்வி வந்தால் நேரம் சில நிமிடங்கள் நீள வேண்டும். வாகனத்தைப் பொறுப்பேற்ற மூன்று நாட்களுக்குள் தாளில் இல்லாத பெரிய குறை கண்டால் முறையிட இடமிருக்க வேண்டும். அந்த மூன்று நாளும் பணமும் பத்திரமும் நடுவரிடம் இருக்க வேண்டும். பிழையாகப் புள்ளியிட்ட பரிசோதகரின் பெயர் பதிவாக வேண்டும்.

சட்டமும் தரகரும்

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் கணினி வழியாகச் செய்யப்படும் ஒப்பந்தங்களுக்கு அங்கீகாரம் அளிக்கின்றது. எனினும் வாகனத்தின் உரிமை மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலேயே முடிய வேண்டும். பதிவுப் புத்தகத்தில் முற்றான உரிமையாளராக லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அதனை நீக்காமல் விற்பனை பூரணமாகாது. ஆகவே உரிமை மாற்றம் முடியும் வரை கூட இருந்து நடத்திக் கொடுப்பதே தளத்தின் சேவையில் பெறுமதி மிக்க பகுதியாக அமையும். திறந்த பத்திர வழக்கத்திற்கு அதில் இடமே இருக்கக் கூடாது. ஏலம் நடத்துவதற்கான அனுமதிப்பத்திரம் பற்றிச் சட்டத்தரணியின் ஆலோசனையை முன்கூட்டியே பெற்றுக்கொள்வதும் அவசியம். அடையாள அட்டைப் பிரதிகளைச் சேகரிப்போர் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதிற் கொள்ள வேண்டும்.

இப்படியொரு தளம் வந்தால் தரகர்மாரின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி நியாயமானது. தரகரிடம் இரண்டு பொருட்கள் உண்டு. ஒன்று, எங்கே என்ன நிற்கின்றது என்ற தகவல். அதனை இணைய விளம்பரங்கள் ஏற்கனவே எடுத்துக்கொண்டன. மற்றையது, வாகனத்தையும் மனிதரையும் எடைபோடும் கண். அதனைக் கணினியால் எடுக்க முடியாது. அந்தக் கண்ணுக்குத்தான் தாளில் வேலையிருக்கின்றது. நல்ல பெயருள்ள தரகரும் மெக்கானிக்கும் பயிற்சி பெற்ற பரிசோதகராக மாறினால், கமிஷனுக்காக அலைவதை விட நிலையான வருமானம் கிடைக்கும். நல்ல பெயரில்லாதவருக்கு இடமில்லாமற் போவதைப் பற்றி நாம் கவலைப்படத் தேவையில்லை.

தளத்தின் உரிமை யாருக்கு என்பதையும் இப்போதே பேச வேண்டும். அயல் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். வாகனக் கடன் கொடுத்து வளர்ந்த ஸ்ரீராம் குழுமம் இந்தியாவில் 'ஓட்டோமோல்' என்ற பழைய வாகன ஏலத்தை உருவாக்கியது. 2018இல் 'கார்ட்ரேட்' என்ற இணைய நிறுவனம் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கிக்கொண்டது. சந்தையின் திறவுகோல் ஏலம் நடத்துபவரின் கையிலிருக்கின்றது என்பதைப் பெரிய முதலாளிகள் புரிந்துகொண்டிருக்கின்றனர். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒரு பெரிய தளம் வந்து எமது ஊர் வாகனங்களை ஏலம் போடும் நாள் வரலாம். அன்று மாத்தளை விற்பனை நிலையக்காரர் வெறும் வாகனத் தரிப்பிட உரிமையாளராக நிற்கப் போகின்றாரா, பங்காளராக நிற்கப் போகின்றாரா?

ஏழெட்டு விற்பனை நிலையக்காரர்கள், சில கராஜ் உரிமையாளர்கள், கணினி படித்த ஓரிரு இளைஞர்கள் சேர்ந்தால் போதும். சிங்கள, தமிழ் வியாபாரிகளையும் ஆரம்பத்திலிருந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சமூகத்துக்குள் மாத்திரம் நடக்கும் ஏலத்தில் போட்டியுமிராது, விலையுமிராது. தாள் சிங்களத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும். இலாபத்தை வாகனத்தின் விலையில் தேடாமல், ஒவ்வொரு விற்பனைக்கும் அறவிடும் சிறு கட்டணத்தில் தேட வேண்டும். விலையில் பங்கு வைத்திருப்பவரின் புள்ளியை எவரும் நம்பமாட்டார்கள்.

போட்டியாளர்கள் ஒரே மேசையில் அமர்வது எமது ஊர்களில் இலகுவான காரியமன்று. அடுத்த கடைக்காரரின் வாகனத்திலுள்ள குறையை ஊர் முழுவதும் சொல்லத் தயாராக இருக்கும் நாம், எமது வாகனத்திலுள்ள குறையைத் தாளில் எழுதிக் கையெழுத்திடத் தயாரா? நகோயாவில் கார் விற்கும் வியாபாரி அதற்குத் தயாரானதால்தான் இன்று நாம் அவரை நம்பிக் காசு அனுப்புகின்றோம். எமது மாவட்டத்தின் வியாபாரிகள் இதனைச் சற்றுச் சிந்திப்பார்களா?